அகராதி நுழையாத அறை

என் மகள் லோகா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது இந்த நிமிஷம் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கலாம். முடிவு என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டே அவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை. இது பிழைத்த குழந்தையின் கதை. எப்படிப் பிழைத்தாள், நடுவில் எந்த இடத்தில் கை நழுவப் பார்த்தது என்று எழுதி வைத்தால் இன்னொரு தாய்க்கு உதவும் என்றுதான் உட்கார்ந்தேன்.

எனக்கு இன்னும் நடுக்கம் முழுதாகப் போகவில்லை. படுக்கப் போகுமுன் கரண்டிக் காம்பால் நாக்கை அமுக்கி அவள் தொண்டையைப் பார்த்தால்தான் எனக்கு மனம் அடங்குகிறது. "நேத்துப் பார்த்த அதே தொண்டைதாம்மா" என்று சலித்துக்கொண்டாலும் வாயைத் திறந்து காட்டிவிடுவாள்.

நாங்கள் இருப்பது மயிலாப்பூரில், கால்வாய்க்கு ஒரு தெரு தள்ளி. என் கணவர் சைதாப்பேட்டை கோர்ட்டில் குமாஸ்தா. நான் உபாத்தியாயினிப் பயிற்சி முடித்து, சின்னவன் பிறக்கும்வரை ஒரு பெண்கள் பள்ளியில் பாடம் நடத்தியவள். எங்கள் இருவருக்கும் இங்கிலீஷ் புத்தகங்களில் பிரியம் அதிகம். அதனால் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. புத்தகத்தில் தெரியாத வார்த்தை வந்தால் உடனே அகராதியை எடுக்கக் கூடாது. முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடக்கிறது என்று பார்த்து, இதன் பொருள் இதுவாகத்தான் இருக்கும் என்று துணிந்து சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் அவர் அலமாரியின் மேலிருந்து அகராதியை இறக்குவார். நம் ஊகம் சரியாக இருந்தால் "டிக்ரி" என்பார்; தப்பாக இருந்தால் "தள்ளுபடி". நாள் முழுக்கக் கோர்ட்டில் அந்த இரண்டையும் எழுதுகிறவர், வீட்டிலும் அதே முகத்தோடு சொல்லுவார். லோகாவுக்கு அப்பாவிடம் டிக்ரி வாங்குவதைப் போன்ற சந்தோஷம் வேறு கிடையாது.

அந்த வழக்கம்தான் ஆஸ்பத்திரியில் எங்களைக் காப்பாற்றியது. அதே வழக்கம்தான் எங்கள் கண்ணையும் மறைத்தது.

ஐப்பசி மழையில் நனைந்து வந்த லோகா தொண்டை வலிக்கிறது என்றாள். உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிக்கச் சொன்னேன். ஜுரம் பெரிதாக இல்லை. அதனால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் கழுத்து இரு பக்கமும் வீங்கிவிட்டது. மூச்சில் ஒரு கெட்ட வாடை. ஜன்னல் பக்கம் திருப்பி வாயைத் திறந்து பார்த்தால், உள்நாக்குக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் தோல் போல ஏதோ படிந்திருந்தது. துணியால் தொட்டேன், பால் ஆடை மாதிரி வழித்துக்கொண்டு வரவில்லை. ஒட்டிப் பிடித்திருந்தது. தெருக்கோடியில் இருந்த வைத்தியர் அதைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டடி பின்வாங்கினார். டிப்தீரியா, தொண்டை அடைப்பான், வண்டி பிடியுங்கள் என்றார்.

அடையாற்றங்கரையில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. ஜட்கா பாலத்தைத் தாண்டும்போது அவள் மூச்சு சீழ்க்கை அடிப்பது குதிரைக் குளம்புச் சத்தத்துக்கு மேல் எனக்குக் கேட்டது. வராந்தாவில் காத்திருந்த மற்றவர்கள், விஷயம் தெரிந்ததும், தங்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நானாக இருந்தாலும் நகர்ந்திருப்பேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா அதிகம் பேசாதவர். பேசினால் புரியும்படி பேசுவார். இந்தக் கிருமி தொண்டையைத் தாண்டிப் போகாது, ஆனால் அது விடுகிற விஷம் ரத்தத்தில் கலந்து இதயத்துக்கும் நரம்புகளுக்கும் போகும் என்றார். அந்த விஷத்தை முறிக்க ஸீரம் என்று ஒரு மருந்து இருக்கிறது. அதைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தைப் பழக்கி, அதன் ரத்தத்திலிருந்து எடுக்கிறார்களாம். தொடையில் பெரிய ஊசியாகப் போட்டார்கள். லோகா அழவில்லை, அழ மூச்சு இல்லை. விடிந்து வெயில் ஏறும்போது அந்தச் சாம்பல் தோல் ஓரங்களில் சுருளத் தொடங்கியிருந்தது. அதன் பிறகு கழன்று விழுந்தது. ஒரு வாரம் கழித்து உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி அரித்தது. அது குதிரை ரத்தத்துக்கு உடம்பு காட்டுகிற முரண்டு, தானே அடங்கும் என்றார்கள், அடங்கியது.

"அப்போ எனக்குள்ள குதிரை ரத்தம் ஓடுதா?" என்று லோகா கேட்டாள்.

"கொஞ்சம்" என்றார் டாக்டரம்மா.

"வீட்டுக்குப் போய்க் கனைச்சுக் காட்டு" என்றேன் நான். பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். தொண்டை ஆறுவது பாதிதான். ஸீரம் போடுவதற்குள் எவ்வளவு விஷம் உள்ளே போயிற்று என்பது வாரக்கணக்கில்தான் தெரியும். இதயத் தசை பலவீனமாக இருக்கும்போது குழந்தை திடீரென்று எழுந்து உட்கார்ந்தாலே போதும், இதயம் நின்றுவிடலாம். அதனால் மல்லாந்து படுத்தே இருக்க வேண்டும். தானாகச் சாப்பிடக் கூடாது, அழக் கூடாது, அதிரக் கூடாது. குரல் மூக்கால் வருகிறதா, குடித்த தண்ணீர் மூக்கில் வருகிறதா, கால் துவள்கிறதா, பார்வையில் ஏதாவது மாற்றம் உண்டா என்று நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இருந்தால் உடனே சொல்ல வேண்டும்.

பதினோரு வயதுப் பெண்ணை, அதுவும் லோகாவை, வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைப்பது எப்படி? அவள் வீட்டில் பாயில் படுத்தாலே விடியும்போது வேறு மூலையில் இருப்பாள்.

அதற்கு வழி கண்டது என் கணவர். ஆஸ்பத்திரித் தோட்டத்தின் கடைசியில் தனியாக இருந்த எங்கள் அறைக்குள் அவர் வரக் கூடாது. சின்னவனை ஆதம்பாக்கத்தில் தம் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, கோர்ட் முடிந்ததும் தினமும் வருவார். ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போவார். ஒருநாள் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு குழந்தைகள் நாவலை வாங்கி வந்தார். அட்டை இல்லை, பெயர் எழுதிய முதல் தாளும் இல்லை. அப்படிப்பட்டதைத்தான் தேடி வாங்கியிருந்தார். காரணம், அந்த அறைக்குள் நுழைந்த துணியோ தாளோ கடைசியில் நெருப்பில்தான் போகும். எங்கள் அகராதியை உள்ளே விட முடியாது. அது அவருக்குப் பரிசாகக் கிடைத்த சொத்து.

"இங்கே நீங்க ஊகிக்கிறது. நான் வீட்டுக்குப் போய் அகராதியைப் பார்க்கிறது. மறுநாள் சாயங்காலம் தீர்ப்பு" என்றார் ஜன்னல் வழியாக.

"அப்பீல் உண்டாப்பா?"

"படுத்துட்டே கேட்டா உண்டு."

கதை குளிர் தேசத்தில், ஒரு கால்வாயில் நடக்கிறது. அண்ணனும் தங்கையும் ஒரு சரக்குப் படகில் அப்பாவோடு வாழ்கிறார்கள். படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுப்பது பார்லி என்கிற கிழட்டுக் குதிரை. எங்கள் கால்வாயில் விறகுப் படகை மனிதர்கள்தான் இழுப்பார்கள். படகு இழுக்கும் குதிரை என்றதும் லோகாவுக்கு அது உறவுக்காரக் குதிரையாகிவிட்டது. ஆஸ்பத்திரி ஆயா தாயாரம்மாவுக்குத்தான் அந்தப் பெயரில் திருப்தியில்லை. அவள் கையில் எப்போதும் பார்லிக் கஞ்சிக் கிண்ணம் இருக்கும்.

"இன்னா பாப்பா, குதிரக்கிப் போயி கஞ்சி பேரு வெச்சிகிறான்?"

"அது குடிச்சா தெம்பு வரும்ல, அதான் ஆயா."

"அப்ப நீயும் குடி, தெம்பு வரட்டும்" என்று கரண்டியை நீட்டுவாள். அப்படியே கிண்ணம் காலியாகும்.

தினம் சில பக்கம் நான் படிப்பேன். தெரியாத வார்த்தை வந்தால் நிறுத்துவேன். லோகா கூரையைப் பார்த்துக்கொண்டு யோசிப்பாள். யோசிக்கும்போது அவள் அசையவே மாட்டாள் என்பதைக் கவனித்தேன், கைவிரல்கூட ஆடாது. அதனால் எனக்குத் தெரிந்த வார்த்தைகளையும் தெரியாதவை போல் நிறுத்தி ஊகிக்கச் சொன்னேன். 'லாக்' என்று ஒரு வார்த்தை. கதவுப் பூட்டு என்றுதான் எங்களுக்குத் தெரியும். கால்வாய்க்கு எதற்குப் பூட்டு? படகு அதற்குள் போய் நிற்கிறது, கதவு மூடுகிறது, தண்ணீர் ஏறுகிறது, படகும் ஏறுகிறது. "மதகு வெச்ச தொட்டி" என்றாள் லோகா. மறுநாள் ஜன்னலில் வந்து நின்ற அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டிக்ரி. செலவுத் தொகையோடு" என்றார்.

இன்னொரு நாள் 'தா' என்று உச்சரிக்கும் ஒரு வார்த்தை வந்தது. கால்வாயே உறைந்து படகு சிக்கிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் அந்தத் 'தா' எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள். எனக்கே சரியாகத் தெரியவில்லை. லோகா வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "மார்கழியிலே தேங்காயெண்ணெய் பாட்டில்ல கட்டிப் போயிருக்கும் இல்லே? வெயில்ல வெச்சா ஓரத்திலேருந்து இளகுமே, அதும்மா." பனிக்கட்டியைக் கண்ணால் பார்க்காத ஊரில் இருந்துகொண்டு இதைவிட எப்படிச் சொல்வது? அவர் டிக்ரி கொடுத்தார். சைக்கிளில் வந்துகொண்டிருந்தவர் அந்த நாட்களில்தான் நடந்து வரத் தொடங்கினார். சைக்கிள் எங்கே என்று நான் கேட்கவில்லை. சாயங்கால நடை உடம்புக்கு நல்லது என்று அவராகவே இரண்டு தரம் சொன்னார்.

இடையிடையே தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துப் போனார்கள். கண்ணாடிக் குழாயில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்களாம். வளரவில்லை என்று செய்தி வந்தபோது தாயாரம்மா சூடம் கொளுத்த வேண்டும் என்றாள்; ஆஸ்பத்திரியில் கூடாது என்று நர்ஸ் தடுத்தாள்.

மூன்றாவது வாரத்தில் லோகாவின் குரல் மூக்கால் வர ஆரம்பித்தது. டாக்டரம்மா 'ஆ' என்று சொல்லச் சொல்லி வாய்க்குள் பார்த்தார். அண்ணத்தின் மென்மையான பின்பகுதி மேலே எழும்பவில்லை, அங்கே நரம்பு கொஞ்சம் சோர்ந்திருக்கிறது, இது பலருக்கும் வருவது, தானே சரியாகும் என்றார். தண்ணீர் வேண்டாம், கெட்டியான கஞ்சியாகக் கொடுங்கள் என்றார். வேறெதுவும் புதிதாக வராவிட்டால் ஒரு வாரம் போனதும் முதுகுக்குத் தலையணை வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார வைக்கலாம் என்றும் சொன்னார். லோகா அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

அடுத்த ஓரிரண்டு நாளில் அவள் ஒரு விண்ணப்பம் போட்டாள். இனிமேல் புத்தகத்தை அவளே படிப்பாள். படித்து எங்களுக்குத் தமிழில் கதை சொல்வாள். புத்தகம் கனமில்லாதது. மார்பின் மேல் சாய்த்து வைத்தால் கை ஓயாது. கொஞ்ச நேரம் என்றால் சரி என்று டாக்டரம்மாவும் சம்மதித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. நோயில் கிடந்த பெண் இங்கிலீஷ் நாவலைத் தானே படித்து, கடகடவென்று தமிழாக்கிச் சொன்னாள். படகு ஐஸிலிருந்து விடுபட்டுக் கடலுக்கு வந்துவிட்டது. அங்கே பெரிய துறைமுகம். படகுக்காரர் விறகை இறக்கிவிட்டு உப்பு ஏற்றினார். கூலிக்காக ஒரு சண்டை நடந்தது.

"அங்கயும் சவுக்குக் கட்டதானா?" என்று தாயாரம்மா கேட்டாள்.

"சவுக்குதான் ஆயா. நல்லா எரியும்னு வாங்கறாங்க."

மொழிபெயர்க்கிறபோது நம்மூர்ச் சரக்காக மாற்றிச் சொல்கிறாள், என்ன சாமர்த்தியம் என்று நான் நினைத்துக்கொண்டேன். புதிய வார்த்தைகளும் அவளே எடுத்துக் கொடுத்தாள். 'ஆங்கர்', 'ஹார்பர்' என்று சொல்லி, பொருளும் ஊகித்தாள். ஒன்றுகூடத் தள்ளுபடி ஆகவில்லை. "உன் பொண்ணு இனிமே கோர்ட்டுக்கே வரலாம்" என்றார் அவர்.

உட்கார வைப்பதாகச் சொல்லியிருந்த நாள் வந்தது. மத்தியானம் லோகா தூங்கிக்கொண்டிருந்தாள். அடுத்து என்ன ஆயிற்று என்று எனக்கும் ஆவல் இருந்ததால், அடையாளத்துக்கு வைத்திருந்த காக்கை இறகை ஒதுக்கிவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன். அந்தப் பக்கத்தில் கடல் இல்லை. துறைமுகம் இல்லை. முன்னும் பின்னும் புரட்டினேன். படகு இன்னும் ஐஸில் சிக்கித்தான் கிடந்தது. கடைசியாக நான் படித்து நிறுத்திய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அவள் உண்மையாகப் படித்த சில பக்கங்கள் இருந்தன; அதற்கு மேல் அவள் சொன்ன எதுவும் அந்தப் புத்தகத்தில் இல்லை. உப்பு இல்லை, சண்டை இல்லை. 'ஆங்கர்' பள்ளிக்கூடத்துப் பாடத்தில் வந்த வார்த்தை. 'ஹார்பர்' பட்டணத்தில் யாருக்குத்தான் தெரியாது?

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆயாவும் நானும் உட்கார்ந்து கேட்க, இவ்வளவு நாள் புளுகியிருக்கிறாளே என்று. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தேன். லோகா அப்பாவிடம் பொய் டிக்ரி வாங்குகிறவள் இல்லை. தெரியாவிட்டால் தள்ளுபடியை வாங்கிக்கொண்டு அப்பீல் போடுகிறவள். அப்படிப்பட்டவள் ஏன் இதைச் செய்தாள் என்று யோசித்தபோது, பார்வையில் மாற்றம் உண்டா என்று பார்க்கச் சொன்னது நினைவுக்கு வந்தது.

அவள் விழித்ததும் நான் திட்டவில்லை. கட்டிலுக்கு நேர் எதிரே ஜன்னல். அதன் வழியாக அடையாறு கடலில் கலக்கிற இடத்து மணல்திட்டு தெரியும். அங்கே என்ன தெரிகிறது என்று சும்மா கேட்பது போல் கேட்டேன். வலை இழுக்கிறார்கள் என்றாள். ஒருவன் தலையில் சிவப்புத் துண்டு கட்டியிருக்கிறான், பக்கத்தில் நாய் படுத்திருக்கிறது என்றாள். எனக்கு அந்த நாய் தெரியவில்லை. பிறகு புத்தகத்தை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, ஒரு வார்த்தையின் மேல் விரல் வைத்தேன்.

"இது என்ன?"

"முன்னாடி என்ன நடக்குதுன்னு சொல்லு. ஊகிக்கிறேன்."

"ஊகிக்க வேண்டாம் கண்ணு. எழுத்தைச் சொல்லு போதும்."

உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்ற மாதிரி இருக்கும்மா" என்றாள் மூக்குக் குரலில். "நாலஞ்சு நாளா. சொன்னா உட்கார விடமாட்டாங்க. வேற ஒண்ணும் வரலைன்னாதானே உட்காரலாம்னு சொன்னாங்க?"

நான் டாக்டரம்மாவைத் தேடி ஓடினேன். அவர் மூன்றாவது வார்டில் இருந்தார். நான் சொல்லி முடிக்குமுன் எழுந்துவிட்டார். வந்து, ஒரு பேனாவைத் தூரத்தில் பிடித்து மெதுவாக மூக்கருகே கொண்டுவந்து, லோகாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டத்துப் பொருளைப் பார்க்கும்போது கண்ணுக்குள் ஒரு சின்னத் தசை வேலை செய்ய வேண்டும். அதன் நரம்பை விஷம் தொட்டிருக்கிறது. தூரப் பார்வை போகாது, கிட்டப் பார்வை கலங்கும் என்றார். பார்வை திரும்பிவிடுமா என்று கேட்டேன். அநேகமாகத் திரும்பும் என்றார். அவர் கவலை வேறு. தொண்டையில் நின்றுவிட்டது என்று நினைத்த விஷம் இன்னும் நடமாடுகிறது. மூச்சுத் தசைக்கும் இதயத்துக்கும் போகலாம். தலையணைகளைத் தாயாரம்மா கொண்டுவந்து வைத்திருந்தாள். அவற்றை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, கட்டிலின் கால்மாட்டை இரண்டு செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னார்.

லோகா கண்ணீர் விட்டாள். சத்தம் வராமல் விட்டாள். அழக் கூடாது என்பது அவளுக்கு நினைவிருந்தது.

அதற்கு இரண்டொரு நாள் கழித்து, காலைக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது அவள் முகம் வெளுத்து, உதட்டோரம் நீலம் பாரித்தது. குடித்த கஞ்சி வெளியே வந்தது. மணிக்கட்டைப் பிடித்தால் நாடி இரண்டு துடித்து ஒன்று விட்டது. டாக்டரம்மா ஊசி போட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். வெயில் ஜன்னலைத் தாண்டித் தரையில் நகர்ந்து சுவரில் ஏறும்வரை அவர் அந்தக் கையை விடவில்லை. நான் கால்மாட்டில் நின்றேன். வேண்டுதல்கூட ஒழுங்காக வரவில்லை. தெரிந்த சாமி பேர்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பிறகு நாடி ஒழுங்குக்கு வந்தது. அவர் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு என்னிடம் சொன்னது இதுதான்: "உட்கார்ந்திருந்த குழந்தைக்கு இது வந்திருந்தா…"

அன்று முதல் புத்தகம் மறுபடி என் கைக்கு வந்தது. "நீ கட்டின கதையும் நல்லாத்தான் இருந்தது, ஆனா பார்லி ஐஸில நின்னுட்டிருக்கு, அதை முதல்ல வெளியே கொண்டு வருவோம்" என்றேன். லோகா வெட்கப்பட்டாள். ஜன்னலில் என் கணவர், முன்பு கொடுத்த தீர்ப்புகளில் இரண்டை ரத்து செய்வதாக அறிவித்தார். அவள் அப்பீல் போடவில்லை.

கதை போகப் போக எனக்கு ஒரு சங்கடம் தெரிந்தது. பார்லிக்கு வயதாகிக்கொண்டே போயிற்று. மூச்சு வாங்கியது, மேட்டில் நின்று நின்று இழுத்தது. ஒருநாள் லோகா தூங்கும்போது கடைசி அத்தியாயத்தைத் தனியாகப் படித்துப் பார்த்தேன். பார்லி ஒரு ராத்திரி லாயத்தில் செத்துப்போகிறது. அந்தக் குழந்தைகள் காலையில் வந்து பார்க்கிறார்கள். அழகாகத்தான் எழுதியிருந்தார்கள்; என் கண்ணே கலங்கியது. ஆனால் தன் உடம்பில் ஓடுவது குதிரை ரத்தம் என்று சொல்லிக்கொண்டு, அதிரக் கூடாத இதயத்தோடு மல்லாந்து கிடக்கிற பெண்ணுக்கு இதை எப்படிப் படிப்பது? மறுநாள் அந்த அத்தியாயத்துக்கு வந்தபோது, தாளைப் பார்த்தபடியே வாயில் வேறு கதை சொன்னேன். பார்லிக்கு ஓய்வு கொடுத்து ஒரு பண்ணையில் விட்டார்கள். அங்கே நிறையப் புல். குழந்தைகள் லீவு நாளில் போய்ப் பார்த்து வருகிறார்கள்.

"கஞ்சிக் குதிர தப்பிச்சிக்கிச்சி" என்று தாயாரம்மா மூச்சு விட்டாள். லோகா கூரையைப் பார்த்துக்கொண்டு, "புல்லு நிறைய இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

நிறைய என்றேன்.

பிறகு வந்த நாட்களில் சொல்வதற்கு அதிகமில்லை. நல்ல நாட்களைப் பற்றி எப்போதும் சொல்வதற்கு அதிகமிருக்காது. நாடி ஒரே சீராக ஓடியது. செங்கல்லை எடுத்தார்கள். மார்கழி பிறந்து, அலமாரியில் இருந்த எண்ணெய்ப் பாட்டில் வெள்ளையாகக் கட்டிப் போயிருந்த ஒரு காலையில் அவளுக்குக் கரண்டியில் தண்ணீர் கொடுத்தேன். மூக்கில் வரவில்லை. இன்னொரு கரண்டி. வரவில்லை. லோகா பாட்டிலைக் காட்டி, "அம்மா, தா" என்றாள். எண்ணெயைக் கேட்கிறாளோ என்று பார்த்த தாயாரம்மாவுக்கு, அது இங்கிலீஷ், தொண்டை இளகுகிறது என்கிறாள் என்று நான் விளக்கினேன். உட்கார்ந்தாள். காலைத் தொங்கப் போட்டாள். என் தோளைப் பிடித்து நின்றாள். கண் மட்டும் அப்படியே இருந்தது. டாக்டரம்மா காட்டிய எழுத்து அட்டையை அவள் சரியாகப் படித்தாள். சந்தேகப்பட்டுத் தலைகீழாகப் பிடித்தபோதும் அதையே படித்தாள். மனப்பாடம். டாக்டரம்மாவுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பெண்ணுக்கு ஊகிக்க முடியாத எழுத்தாகத்தான் காட்ட வேண்டும் என்றார்.

பொங்கலுக்கு முன் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும் நாள் காலையில் தாயாரம்மா ஒரு கூடையோடு வந்தாள். பாய், பழைய துணி, எல்லாம் தோட்டத்துக் கோடியில் எரிக்க. புத்தகமும் போக வேண்டும். லோகா அதை ஒரே ஒரு தரம் கையில் வைத்துக்கொள்கிறேன் என்றாள். நான் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். முதுகுப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. படம் ஏதாவது இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"அம்மா, ஹால்டர்னா என்ன?"

"எங்கே கேட்டே அதை?"

"நீ இந்த வார்த்தையைச் சொல்லவே இல்லையே. நான் ஊகிக்கட்டுமா?" குரல் நிதானமாக இருந்தது. "ஆணியிலே ஹால்டர் மட்டும் தொங்கிட்டிருந்ததுன்னு போட்டிருக்கு. லாயத்து ஆணி. அப்போ அது குதிரை கழுத்திலே மாட்டற கயிறா இருக்கணும். கயிறு அங்கே இருக்குன்னா…" கொஞ்சம் நிறுத்தினாள். "பார்லி பண்ணைக்குப் போகலை. செத்துப்போச்சு. இல்லேம்மா?"

என் கை தானாக அவள் மணிக்கட்டுக்குப் போயிற்று. நாடி ஒழுங்காக அடித்தது. என்னுடையதுதான் அடிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. கடைசி அத்தியாயத்தை நான் அவளிடம் வாய்விட்டுப் படித்ததே இல்லை. தாயாரம்மாவுக்கு அந்தக் கதை தெரியாது. ஊகித்திருக்க வழியே இல்லாத ஒரு வாக்கியத்தை அவள் தாளிலிருந்து எடுத்திருக்கிறாள்.

"நீ படிச்சியா லோகா?"

"பின்னே? ஓரத்திலே மட்டும் கொஞ்சம் கலங்குது." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீயும் கதை கட்டியிருக்கே."

"கட்டினேன்" என்றேன்.

"நல்லாத்தான் கட்டினே. புல்லு நிறைய இருக்குன்னு சொன்னப்பவே எனக்குச் சந்தேகம்." கண் நிறைந்திருந்தது, ஆனால் துடைத்துக்கொண்டாள். புத்தகத்தை மூடி, தாயாரம்மாவின் கூடையில் துணிகளின் மேல் தானே வைத்தாள்.

வாசலில் ஜட்கா வந்து நின்றது. என் கணவர் இறங்கி, பழக்கத்தால் ஜன்னல் பக்கமே வந்தார். இனி கதவு வழியாகவே வரலாம் என்பது அவருக்கு மறந்துவிட்டது. நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, ஹால்டர் என்ற வார்த்தையையும், லோகா ஊகித்ததையும், குதிரை செத்துப்போனதை அவளே கண்டுபிடித்ததையும் ஒரே மூச்சில் சொன்னேன். டிக்ரியா தள்ளுபடியா என்று அவர் சொல்லவில்லை. குதிரையைப் பற்றியும் கேட்கவில்லை.

"எழுத்து எவ்வளவு பொடிசு?" என்றார்.

என் சுண்டுவிரல் நகத்தின் நுனியைக் கம்பிக்கு வெளியே நீட்டிக் காட்டினேன்.